பாஷை மாற்றும் தபீதாள்

"அந்தம்மா உங்க பாஷையில பேசினா பஸ்ஸு வரும் சார். பாஷையை மாத்திடுச்சுன்னா, பேசாம லாட்ஜுக்குப் போய் ரூம் போட்டுடுங்க."

ஆட்டோ ஓட்டும் ஹேமநாத் இப்படிச் சொல்லித்தான் கொட்டும் புயல் மழையில் என்னைத் திருப்பதியில் பஞ்சவர்ணம் டிரான்ஸ்போர்ட் வாசலில் இறக்கிவிட்டார். அவருக்கு இதைச் சொன்னவர் அவருடைய மச்சான். மச்சானுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் சித்தூரிலிருந்து சத்தியவேடு வரைக்கும் எல்லாருக்கும் தெரியும் என்றார்.

உள்ளே கவுன்டருக்குப் பின்னால் அந்தம்மா ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. புடவைக்கு மேல் போட்டிருந்த அரக்கு நிற ஸ்வெட்டரில் பொத்தான்கள் ஒரு துளை தவறி மாட்டப்பட்டிருந்ததால், எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து யோசிக்கிறவர் போலத் தோன்றினார். என் டிக்கெட்டை வாங்கிப் பெயரைப் படித்தார். தமிழ்ச்செல்வன் என்ற பெயரில் சந்தேகத்துக்கு இடமில்லை. டீயை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, பாகு போன்ற தெலுங்கில், சென்னை வண்டி இன்றைக்கு இல்லை என்றார்.

எனக்கு மறுநாள் சென்னையில் மஸ்கட் விமானம். நகரியில் ஐந்தாவது வரை தெலுங்கு மீடியம், பிறகு திருத்தணியில் தமிழ் மீடியம். இரண்டிலும் வஞ்சனை இல்லாமல் அடி வாங்கியவன். அவருடைய தெலுங்குக்குத் தெலுங்கிலேயே பதில் சொன்னேன். மூச்சு வாங்காமல் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். நகர்த்திய டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணை மூடி ஒரு கணம் யோசித்துவிட்டு, சர்ச் வாசலில் கை குலுக்கும் குரலில், "கைண்ட்லி பேர் வித் அஸ், பிரதர்" என்றார். பல வருஷம் வெளிநாட்டில் இருந்தும் எனக்கு ஆங்கிலத்தில் கோபப்பட வராது. இட்ஸ் ஓகே என்று சொல்லிவிட்டேன். டீ திரும்பி வந்தது.

இவர்தான் தபீதாள். விசிட்டிங் கார்டில் 'மக்கள் தொடர்பு அலுவலர்' என்று இருக்கிறது. சித்தூர்க்காரர். பல காலம் அதே கம்பெனியில் சித்தூர் கிளையில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர். வெயில் நாட்களில் இப்போதும் அதைத்தான் செய்கிறார். வங்காள விரிகுடாவில் ஏதாவது உருண்டு திரண்டால் மட்டும் மக்கள் தொடர்பு ஆரம்பமாகிறது. டிவியில் காற்றழுத்தம் என்ற சொல் வந்த உடனே, துணிப் பையில் மாற்றுப் புடவையும் தைலமும் வறுத்த வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு திருப்பதி ஆபீசுக்கு வந்துவிடுவார். அவர் கணவர் கிருபானந்தம் சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசர். புயல் முடிந்து வீட்டுக்கு வரும் மனைவி நான்கு நாளைக்கு எந்தப் பாஷையிலும் பேசமாட்டார் என்பது அவருடைய புகார். அதைப் புகார் என்று அவர் சொன்னாலும், முகத்தில் அப்படித் தெரியாது என்கிறார் தபீதாள்.

பாஷை விஷயம் உண்மையா என்று நேராகவே கேட்டேன். முதலில் மறுத்தார். கொஞ்சம் கடலை கொடுத்தார். பிறகு ஒப்புக்கொண்டார்.

"சொந்த பாஷையில திட்டறதுக்கு யோசிக்கவே வேணாம் சார், அது தானா வரும். அடுத்த பாஷைன்னா வார்த்தையைத் தேடணும். தேடிகினு இருக்கும்போதே பாதி கோவம் எறங்கிடும். மீதி பாதிக்கு டீ."

இந்த ஞானம் அவருக்குச் சர்ச்சில் கிடைத்தது. சித்தூரில் அவர்கள் சபை பழைய மிஷன் சபை. காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. இரண்டிலும் அறிவிப்பு வாசிப்பவர் தபீதாள்தான். கல்யாண ஓலை, இரங்கல், பாடகர் குழு பயிற்சி எல்லாம் அவர் குரலில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் தமிழ் ஆராதனைக்குத் தெலுங்குத் தாளை எடுத்துப் போய்விட்டார். தலக்கோனா அருவி பிக்னிக் ரத்து என்பது அன்றைய முக்கிய அறிவிப்பு. தமிழில் வாசித்திருந்தால் பாஸ்டர் ஐயரைச் சூழ்ந்துகொண்டிருப்பார்கள்; புளியோதரைக்குப் புளி ஊறவைத்திருந்தவர்கள் பலர். தெலுங்கில் கேட்டதும் எல்லோரும் ஆமென் சொல்லி எழுந்து போய்விட்டார்கள். "அன்னிக்கு ஆண்டவரே காட்டிக்குடுத்தாரு" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

மழையை அவர் மூன்று வகையாகப் பிரிக்கிறார். துப்பட்டா மழை, குடை மழை, லாட்ஜ் மழை. வானிலை ஆபீசின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் அவருக்கு இதற்குப் பிறகுதான். வாட்ஸாப்பில் கம்பெனி நடத்தும் பயணிகள் குழுவில் அவருடைய குரல் பதிவு "ஸ்தோத்திரம், வணக்கம், நமஸ்காரம்" என்று ஆரம்பித்து, மழையின் வகையைச் சொல்லி, எந்த வண்டிக்கு 'லீவு' என்பதில் முடியும். ரத்து என்ற சொல்லை அவர் பயன்படுத்துவதில்லை. தாமதம் என்பதும் கிடையாது. தெரியாது என்பது மட்டும் அவர் ஆபீசில் கெட்ட வார்த்தை. டிக்கெட் போடும் சந்துரு ஒரு முறை வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிவிட்டு, பகல் முழுவதும் அவரிடம் பாட்டு வாங்கியிருக்கிறார்.

பஞ்சவர்ணத்தின் எல்லாப் பேருந்துகளிலும் இடது பக்கம் ஒரு பெரிய கிளி வரைந்திருக்கும். போன மழையில் ஒரு வண்டி சந்திரகிரி பக்கம் பள்ளத்தில் நின்றுபோய், கழுத்தளவு தண்ணீரில் கிளி மட்டும் தலைதூக்கிப் பார்க்கும் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பயணிகள் அதற்கு முன்பே இறங்கி, பக்கத்துக் கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் வீடியோவில் பஜ்ஜி இல்லை, கிளிதான் இருந்தது. அதிலிருந்து டிரைவர்களுக்கு அவர் சொல்லும் புத்திமதியில் ஒன்று கூடிவிட்டது. "தண்ணியில நின்னாலும் கிளி பக்கம் ரோட்டுக்குக் காட்டாதே நைனா. வயல் பக்கம் திருப்பி நிறுத்து."

கவலைப்படுகிறவர்களுக்கு வேலை கொடுப்பது அவருடைய இன்னொரு பழக்கம். சும்மா உட்கார்ந்தால் கவலை குட்டி போடும் என்பார். நான் விமானக் கம்பெனியின் இணையதளத்தைத் திரும்பத் திரும்பத் திறப்பதைப் பார்த்துவிட்டு என்னைக் கவுன்டருக்குள் கூப்பிட்டார். அங்கே ஒரு பிளக் ஓட்டை தளர்ந்து போயிருந்தது. சார்ஜரை ஒரு கோணத்தில் அழுத்திப் பிடித்தால்தான் போனில் ஏறும். "இதைப் பிடிச்சிகினு நில்லுங்க சார், கம்பெனியே உங்க கையில கீது" என்றார். பகலெல்லாம் பிடித்துக்கொண்டு நின்றேன். இங்கே எழுதுவதெல்லாம் அங்கே நின்றபடி பார்த்தது.

அவரிடம் மூன்று போன்கள். ஒவ்வொன்றுக்கும் குரோஷாவில் பின்னிய உறை. பயணிகளுக்குச் சிவப்பு, ஓனருக்கு நீலம், டிரைவர்களுக்கு வெள்ளை. வெள்ளைப் போனில் வரும் செய்தியைச் சிவப்புப் போனில் சொல்வதுதான் தன் உத்தியோகம் என்கிறார். சர்க்கரை சேர்ப்பார், சுற்றி வளைப்பார், பாஷையை மாற்றுவார். ஆனால் வெள்ளையில் வராத செய்தி சிவப்பில் போகாது. "வந்துகினு கீது" என்று அவர் சொன்னால், டிரைவர் தன் வாயால் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். ஜனங்கள் அந்தச் சொல்லை நம்பி, குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு நிதானமாக பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவார்கள்.

அன்றைக்கு வெள்ளைப் போனில் ஒரு டிரைவர் மட்டும் வரவில்லை.

கன்னையா. காலையில் சத்தியவேட்டிலிருந்து கிளம்பி, நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு வரவேண்டிய வண்டி. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்பும் பெண்கள்தான் வண்டி நிறைய. நாகலாபுரம் தாண்டியதும் கூப்பிட்டு, முன்னால் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுகிறது, இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொன்னாராம். அதன் பிறகு பேச்சில்லை. மதியம் ஆகிவிட்டது. எத்தனை முறை அடித்தாலும், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதிவு செய்த பெண் குரல் தெலுங்கில் சொன்னது. "இவளும் என்னை மாதிரிதான்" என்றார் தபீதாள் முதல் இரண்டு தடவை. பிறகு அந்த வேடிக்கையை விட்டுவிட்டார்.

நாராயணவனத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். கோயிலுக்கு எதிரில் பூஜைக் கடை வைத்திருப்பவர் குடையோடு ரோட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு, கிளி எதுவும் வரவில்லை என்றார். போலீசில், ஆள் போயிருக்கிறது, பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நிற்க முடிகிறது, அந்தப் பக்கம் பார்வைக்கே எட்டவில்லை என்றார்கள்.

நீலப் போன் அடித்தது. ஓனர் வேங்கடாசலம் சென்னையில் மகள் வீட்டிலிருந்து பேசினார். அவர் குரல் எனக்கும் கேட்டது; தொண்டை அப்படி. டிவியில் என்னென்னவோ போடுகிறார்கள், எல்லா வண்டிகளும் பத்திரம் என்று உடனே குழுவில் ஒரு பதிவு போடு என்றார். தபீதாள் கன்னையா இன்னும் பேசவில்லை என்றார். கன்னையா எத்தனை புயல் பார்த்தவன், ஆற்றங்கரையில் பிறந்தவன், நீச்சலில் சூரன் என்று ஓனர் அடுக்கினார்.

"பஸ்ஸுக்கு நீச்சல் தெரியுமா சார்?" என்றார் தபீதாள்.

ஓனர், ஜனங்கள் பயப்படாமல் இருக்கத்தானே உன்னை வைத்திருக்கிறேன் என்றார். கன்னையா வாயால கேட்டதும் போடறேன் சார் என்று சொல்லிப் போனை உறையில் போட்டார். உறையின் முடிச்சு இரண்டாவது முயற்சியில்தான் விழுந்தது.

டிவியில் போட்டது ஒரு வீடியோ. ஏதோ ஒரு தரைப்பாலத்தில் ஒரு பேருந்து பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு மரத்தில் முட்டி நிற்கிறது. எந்த ஊர், எந்த நாள் என்று எதுவும் இல்லை. தபீதாள் அதைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கிளி தெரியவில்லை. ஆனால் தெரிவது வலது பக்கம். கிளி இருப்பது இடது பக்கம். கிளியை மறைத்து நிறுத்தச் சொன்னதும் அவர்தான். ஃபிளாஸ்கைத் திறந்து, காலியாக இருப்பதைப் பார்த்து, மூடிவைத்தார்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அண்ணன்மார், தகப்பன்மார், ஒரு புது மாப்பிள்ளை. ஒவ்வொருவரையும் உட்காரவைத்து வேலை கொடுத்தார். ஒருவர் வாசலில் தண்ணீர் உள்ளே வராமல் சாக்கு போட்டார். மாப்பிள்ளை எல்லோருக்கும் டீ வாங்கப் போனார். யாரிடமும் அவர் பாஷையை மாற்றவில்லை என்பதைக் கவனித்தேன். தமிழருக்குத் தமிழ், தெலுங்கருக்குத் தெலுங்கு. கெட்ட செய்தி ஒன்றும் வராதபோது பாஷையை எதற்கு மாற்றவேண்டும் என்பது அவர் கணக்காக இருக்கலாம். வந்தவர்களும் அதைக் கவனித்தார்கள். பெஞ்சில் ஒருவர் இன்னொருவரிடம், நம்ம பாஷையிலதான் பேசுது, பரவாயில்ல என்று முணுமுணுத்தார். ஹேமநாத்தின் மச்சானுக்குத் தெரிந்தது இவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அப்போது ஒரு தெலுங்கு சேனல்காரர் சிவப்புப் போனில் பிடித்துக்கொண்டார். வண்டி அடித்துச் செல்லப்பட்டது உண்மைதானே என்று விதவிதமாகக் கேட்டார். இல்லை என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பார். தெரியாது என்று சொன்னால் அதையே திரைக்கு அடியில் எழுத்தாக ஓடவிடுவார். தபீதாள் அவரை நெடுநேரம் தெலுங்கில் சுற்றிச் சுற்றி அழைத்துப் போனார். பேச்சின் நடுவில் ஒரு அம்மாள் உள்ளே வந்தார். முழுக்க நனைந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டபடி ஓடி வந்திருக்கவேண்டும். எனக்கு அப்போது பெயர் தெரியாது. புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், திருப்பதியில் தையல் கடை வைத்திருக்கிறார், பெயர் அம்சவேணி, வண்டியில் இருப்பது மகள் சுமித்ரா என்பதெல்லாம் பிறகு கேட்டது.

தபீதாளுக்கு அவரைத் தெரியும். போன் காதிலேயே இருக்க, நிமிர்ந்து பார்த்து, சேனல்காரரிடம் பேசிக்கொண்டிருந்த அதே வாயோடு, "கூர்ச்சோண்டம்மா" என்றார்.

உட்காருங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அம்சவேணி உட்காரவில்லை. கவுன்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யக்கா, எனக்கு ஏன் தெலுங்குல சொல்றே?"

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சாக்கு போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே திரும்பினார். தபீதாள் சேனல்காரரிடம் வணக்கம்கூடச் சொல்லாமல் துண்டித்தார்.

"ஐயோ, வாய் தவறி வந்துட்டுது அம்சா. அவன்கிட்ட பேசிகினு இருந்தேன் இல்ல, அதே வாட்டத்துல…"

"எம் பொண்ணுக்கு இன்னா ஆச்சு? நீ தமிழ்லயே சொல்லு, நான் தாங்கிக்கிறேன்."

"ஒண்ணும் ஆவல."

"ஆவலன்னு கன்னையா சொன்னானா?"

இத்தனை வருஷமாக அவர் பழக்கி வைத்த ஜனம் அது. எதைக் கேட்கவேண்டும் என்று அவருக்கே பாடம் சொல்லும் அளவுக்குப் பழக்கிவிட்டார். தபீதாள் வாயைத் திறந்தார். அந்தக் குரலில், தமிழில், பத்திரமா கீறாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் அறை முழுவதும் மூச்சு விட்டிருக்கும், என்னையும் சேர்த்துத்தான். நீலப் போன் வேறு உறைக்குள்ளிருந்து அதையே சொல்லச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"சொல்லல. எனக்குத் தெரியல அம்சா" என்றார்.

சந்துரு தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் கெட்ட வார்த்தையை அவர் வாயிலிருந்து சந்துரு முதல் முறையாகக் கேட்டிருக்கவேண்டும்.

அது யாரையும் சமாதானப்படுத்தவில்லை. மறைக்கிறார், ஓனர் சொல்லக்கூடாது என்றிருப்பார், முதலில் தெலுங்கில் வந்ததுதான் நிஜம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புது மாப்பிள்ளை டீத் தூக்கோடு வந்து, என்ன நடந்தது என்று தெரியாமலே சத்தம் போட ஆரம்பித்தார். தபீதாள் தமிழில் விளக்கினார், தெலுங்கில் விளக்கினார். எந்தப் பாஷையில் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பதமே அவர்கள் காதில் விழுந்தது.

பேசுவதை நிறுத்திவிட்டு வெள்ளைப் போனை எடுத்து, கன்னையாவின் எண்ணை மறுபடியும் அழுத்தினார்.

இந்தத் தடவை அந்தப் பதிவு செய்த பெண் வரவில்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு போனுக்குள்ளிருந்து மெலிதாக ஏதோ ஒன்று கொட்டி முழக்கும் சத்தம் கேட்டது. தபீதாள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தார். ஸ்பீக்கரை அழுத்தினார். கவுன்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அம்சவேணியின் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். போனை உள்ளங்கையில் ஏந்தி நடுவில் நீட்டினார்.

கன்னையா வைத்திருந்த காலர் டியூன் ஒரு குத்துப்பாட்டு. தப்பட்டையும் விசிலுமாக, ஜாத்திரையில் வண்டி கட்டி ஆடுகிற ரகம். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அதைச் சுற்றி நெருங்கி நின்று, குனிந்து, கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோலக் கேட்டார்கள். ஒருவர் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

"ரிங்கு போவுதுன்னா போனு நனையலன்னு அர்த்தம்" என்று சந்துரு மெல்லச் சொன்னார்.

தபீதாள் உதட்டில் விரல் வைத்தார். ஏந்திய கைக்குக் கீழே அம்சவேணி தன் கையைக் கொடுத்தார். பாட்டு பல்லவி முடிந்து சரணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.